கியாந்தி ஒயினை எப்படிச் சுவைப்பது, எந்த இத்தாலிய உணவோடு சாப்பிடுவது?

கியாந்தி ஒரு சிவப்பு ஒயின்; அதில் கியாந்தி கிளாசிக்கோ என்ற வகையையே எடுத்துக்கொள்வோம். இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், ஃபுளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் இடையிலுள்ள குன்றுகளில் விளைவது. பாட்டிலில் கருப்புச் சேவல் முத்திரை இருக்கும். குறைந்தது 80 சதவீதம் சாஞ்சியோவேசே திராட்சை என்பது விதி.

16 முதல் 18 டிகிரியில் ஊற்றுங்கள். நம் ஊர் அறைச்சூட்டில் வேண்டாம், ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு போதும். சுழற்ற இடம் இருந்தால்தான் மணம் எழும். புளிப்புச் செர்ரி, காய்ந்த மூலிகை வாசனை வரும். ஒரு வாய் குடித்ததும் எச்சில் ஊறுகிறதா? அது அமிலம். விழுங்கிய பிறகு ஈறு வறண்டு இழுக்கிறதா? அது டானின், வாழைப்பூவின் துவர்ப்பு மாதிரி.

ஜோடியைத் தீர்மானிப்பவை இந்த இரண்டும்தான். தக்காளி சாஸுக்குப் பக்கத்தில் அமிலம் குறைந்த ஒயின் சப்பென்று ஆகிவிடும்; சாஞ்சியோவேசே ஈடுகொடுக்கும். டானின் எச்சிலிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. கூடவே இறைச்சியின் புரதமும் கொழுப்பும் வந்தால் கடுமை தணியும். டஸ்கனிக்காரர்கள் தடித்த மாட்டிறைச்சித் துண்டைக் கரியில் சுட்டு, உள்ளே சிவப்பாகவே விட்டு இதோடு சாப்பிடுவது சும்மா இல்லை. செம்மறியாட்டுப் பாலில் செய்யும் பெக்கோரினோ சீஸும் அருமை.

மிளகாய் தூக்கலான அர்ராபியாத்தா பாஸ்தாவுக்கு மட்டும் நான் இதைத் திறக்க மாட்டேன். காரத்தில் துவர்ப்பும் எரிச்சலும் கூடிவிடும்.