எலுமிச்சை பூக்கவில்லையா? தண்ணீரை நிறுத்திப் பாருங்கள்

கேள்வி: திண்டுக்கல் பக்கம் எங்கள் தோட்டத்தில் எலுமிச்சை நட்டு மூன்றரை வருடம் ஆகிறது. ஆள் உயரம் தாண்டி, கரும்பச்சையாக நிற்கிறது. சொட்டுநீர் தினமும் ஓடுகிறது, மாதம் ஒரு கை யூரியா வைக்கிறோம். ஒரு பூ இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் இரண்டாம் வருடமே காய்த்துவிட்டது. பூ பிடிக்க என்ன மருந்து அடிக்கலாம்? வேரில் உப்பு போடச் சொல்கிறார்களே, போடலாமா?

பதில்: உப்பு வேண்டவே வேண்டாம். எலுமிச்சை உப்பைத் தாங்காது; இலை நுனி கருகி உதிரும், அவ்வளவுதான் பலன். மருந்தும் இப்போதைக்குத் தேவையில்லை. உங்கள் மரங்களுக்கு எதுவும் குறையவில்லை. தண்ணீரும் யூரியாவில் உள்ள தழைச்சத்தும் ஓய்வில்லாமல் கிடைப்பதால் அவை துளிர்விட்டுக்கொண்டே இருக்கின்றன. துளிர்ப்பு நின்றால்தான் மொட்டு உருவாக வழி பிறக்கும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நீங்கள் நட்டது விதைக்கன்றா, பதியனா (கிளையிலேயே வேர்விட வைத்துப் பிரித்தது), ஒட்டா (வேறொரு கன்றின் மேல் ஒட்டியது)? எலுமிச்சை விதையிலிருந்து வரும் கன்றுகள் பெரும்பாலும் தாய்மரத்தைப் போலவே இருப்பதால், விதைக்கன்றை நடும் வழக்கம் நம்மிடம் அதிகம். ஆனால் விதைக்கன்றுக்கு இளமைப் பருவம் என்று ஒன்று உண்டு. அது முடியும்வரை என்ன செய்தாலும் பூக்காது. நான்கு, ஐந்து வருடம் எடுத்துக்கொள்வது சாதாரணம். நீளமான, தடித்த முட்கள் அதன் அடையாளம். பதியனும் ஒட்டும் காய்த்த மரத்தின் கிளையிலிருந்து வந்தவை என்பதால் இரண்டாம், மூன்றாம் வருடமே பூக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் நட்டது அதுவாக இருக்கலாம்; கேட்டுப் பாருங்கள்.

விதைக்கன்று என்றால் உச்சியைக் கவாத்து செய்யாதீர்கள். பூக்கும் பக்குவம் முதலில் வருவது மேல்கிளைகளில்தான். அழகுக்காக வருடாவருடம் தலையை வெட்டினால் வருடாவருடம் பூ தள்ளிப்போகும். வெட்ட வேண்டியது அடியில்: தரையிலிருந்து ஒன்றரை அடி வரை தண்டு சுத்தமாக இருக்கட்டும். நேராகச் சீறிக்கொண்டு வரும் நீர்ப்போத்துகளையும் எடுத்துவிடுங்கள். ஒட்டுக்கன்றில் ஒட்டுக்குக் கீழே கிளைப்பதை உடனே கிள்ளாவிட்டால், சில வருடத்தில் மேலே உள்ள ரகம் நலிந்து, ஒட்டுக்கு அடியில் உள்ள வேர்ச்செடிதான் மரமாக நிற்கும். இப்படி ஏமாந்தவர்கள் நிறைய.

இனி முக்கியமான விஷயம், தண்ணீர். குளிர் நாடுகளில் இந்த இனத்து மரங்களின் வளர்ச்சியைப் பனிக்காலம் நிறுத்திவைக்கிறது. நம் சமவெளியில் அந்த வேலையைச் செய்வது வறட்சி. கோடையில் காய்ந்த மரம் மழை விழுந்ததும் பூத்துக் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே நாம் திட்டமிட்டுச் செய்வதுதான் வாட்டம் கொடுப்பது.

ஆவணியில் சொட்டுநீரை நிறுத்துங்கள். செம்மண், மணல்சாரி நிலத்தில் இரண்டு மூன்று வாரம் போதும். கரிசலில் இன்னும் கூடுதலாகும். நாளை எண்ணாமல் இலையைப் பாருங்கள். நடுப்பகலில் துவண்டு மாலையில் தேறினால் வாட்டம் தொடரலாம். காலையிலும் சுருண்டே இருந்தால் அன்றே தண்ணீர் விடுங்கள். முதல் தண்ணீர் அளவாக, அடுத்தது சற்றுக் கூடுதலாக, பிறகு வழக்கம்போல். மூன்று, நான்கு வாரத்தில் புதுத்துளிரோடு மொட்டு வர வேண்டும். ஐப்பசியில் பூத்தால் ஐந்து, ஆறு மாதத்தில், பங்குனி சித்திரை வாக்கில் காய் கைக்கு வரும். அது விலையுள்ள நேரமும்கூட. நடுவில் பெருமழை பெய்தால் கணக்கு கெடும். அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது, மழை விட்டதும் மறுபடி தொடங்க வேண்டியதுதான். மூன்று வயதுக்குக் குறைந்த கன்றையும் நோயில் நலிந்த மரத்தையும் வாட வைக்காதீர்கள்.

மாதாமாதம் யூரியா வைப்பதை நிறுத்துங்கள். தழைச்சத்தை வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் அக்டோபரிலும் பிரித்துக் கொடுத்தால் போதும். தொழு உரம், மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றை அக்டோபரில் வையுங்கள். தண்டை ஒட்டி எதையும் கொட்டாதீர்கள். கிளை விரிவின் ஓரத்துக்கு அடியில்தான் உரத்தை எடுக்கும் வேர்கள் இருக்கின்றன. தண்டைச் சுற்றி மண்ணை அணைத்து, தண்ணீர் தண்டைத் தொடாதபடி வெளிவட்டமாகப் பாத்தி கட்டுங்கள். ஈரம் தேங்கினால் பிசின் வடிதல் என்ற தண்டு நோய் வரும், அதற்குப் பிறகு பூவைப் பற்றிய கவலையே மிஞ்சாது.

இலை சிறுத்து, நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் துத்தநாகக் குறை. லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், அதில் பாதியளவு நீற்றிய சுண்ணாம்பு சேர்த்து வடிகட்டி, புதுத்துளிர் விரிந்ததும் மாலையில் தெளியுங்கள். கரும்பச்சை என்று நீங்கள் சொல்வதால் இப்போது தேவைப்படாது.

பூ வந்தபின் ஒரு பயம் வரும்: பெரும்பகுதி உதிரும். நூறு பூவில் சிலதான் காயாக நிற்கும், அது இயல்பு. பட்டாணி அளவுப் பிஞ்சும் கொஞ்சம் கொட்டும். அந்த வாரங்களில் தண்ணீரைக் காயவிடுவதும் ஒரேயடியாகப் பாய்ச்சுவதுமாக மாற்றி மாற்றிச் செய்தால்தான் உதிர்வு மிஞ்சிப்போகும். பூத்திருக்கும்போது பூச்சிமருந்து வேண்டாம், தேனீக்கள் வரட்டும். கடையில் பிளானோபிக்ஸ் என்ற வளர்ச்சி ஊக்கி தருவார்கள். பூவை வரவழைப்பதற்கல்ல, உதிர்வைக் குறைப்பதற்கு அது. அளவு கூடினால் அதுவே பிஞ்சைக் கொட்டிவிடும் என்பதால் முதல் வருடம் அதைத் தொடாமலே பாருங்கள்.

பதியனோ ஒட்டோ வாட்டம் கொடுத்தும் பூக்கவில்லை என்றால் நிழலைப் பாருங்கள். தென்னையோ வேம்போ மறைத்து, வெயில் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் அந்த மரம் இலையாகத்தான் இருக்கும்.