என் அம்மா டமாக்சிஃபெனோடு பராக்ஸிடின் சேர்த்துச் சாப்பிடலாமா?

வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்சிஃபென் எடுக்கும் உங்கள் அம்மாவுக்கு, மாதவிடாய் நின்றபின் திடீர் திடீரென வரும் உடல் சூட்டுக்கு (ஹாட் ஃபிளஷ்), மனச்சோர்வு மருந்தான பராக்ஸிடின் சரியான தேர்வு இல்லை. டமாக்சிஃபெனை வீரியமுள்ள மருந்தாக மாற்றும் கல்லீரல் நொதியை அது முடக்கிவிடும்.

இந்த இரண்டு மருந்துகளையும் இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக எழுதியதால் இப்படி நேர்ந்திருக்கலாம். எல்லா மாத்திரை அட்டைகளிலும் பிராண்டுக்குக் கீழே இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். இன்னொரு மனச்சோர்வு மருந்தான ஃபுளுவாக்ஸெட்டின் இருந்தாலும் இதே சிக்கல்தான். அதே வகையில் வென்லாஃபாக்ஸின் என்ற மருந்து அந்த நொதியை அவ்வளவாகத் தொடாது, சூட்டையும் தணிக்கும். புற்றுநோய் மருத்துவரிடம் அதைக் கேளுங்கள்.

இதே சூட்டுக்காக 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெசோலினெட்டன்ட் என்ற மாத்திரையும் ஹார்மோன் இல்லாததுதான், ஆனால் கல்லீரல் பரிசோதனை கட்டாயம்.

அப்புறம், பராக்ஸிடினை ஏற்கெனவே தொடங்கியிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், படபடப்பு வரலாம். டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.