வெட்டிய சதை மீண்டும் வளர்ந்தது ஏன்?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் தேயிலை பெக்டரி ஒன்றில் வேலை செய்கிறேன் டொக்டர், வயது 43. மூக்கில் சதை வளர்ந்து நாலு வருசத்துக்கு முன் ஒபரேஷன் செய்தார்கள். பிறகு தந்த ஸ்பிரேயை ஒரு மாதம் அடித்துவிட்டு நிறுத்திவிட்டேன். இப்போது மறுபடி இரண்டு பக்கமும் அடைப்பு. தேயிலை மணம்கூடத் தெரிவதில்லை. இழுப்பும் உண்டு. மறுபடி வெட்டணுமா? புற்றுநோயாகிவிடுமா?

பதில்: புற்றுநோய்ப் பயத்தை விடுங்கள். இரண்டு பக்கமும் வளரும் இந்தச் சதை அப்படி மாறுவதில்லை. ஒரு பக்கம் மட்டும் வளர்ந்தாலோ, ரத்தம் கசிந்தாலோதான் ஸ்கேன் எடுத்து, துண்டெடுத்துச் சோதிப்போம்.

எண்டோஸ்கோப் என்ற குழாய்க் கமராவை மூக்கில் விட்டுப் பார்த்தால் இது உரித்த திராட்சை போல வெளிறிப் பளபளக்கும், தொட்டாலும் வலிக்காது. மூக்கின் உள்தோல் அழற்சியால் வீங்கி, நீர் கோத்துத் தொங்குவதுதான் இது. ஒபரேஷனில் தொங்குவதை எடுத்துவிடலாம், அழற்சியை எடுக்க முடியாது. மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ் காற்றறைகளின் வாசல்களைத் திறந்துவிட்டால் ஸ்பிரே மருந்து உள்ளே போய்ச் சேரும். வெட்டுவதில் பாதி நோக்கம் அதுதான். அந்த ஸ்பிரேயைத்தான் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். மூக்கு நன்றாக இருக்கும்போது யாருக்குத்தான் மருந்து ஞாபகம் வரும்?

சரி, இனி என்ன செய்வது? அழற்சியைக் குறைக்கும் ஸ்டீரொய்ட் ஸ்பிரேயைத் தினமும் அடியுங்கள். தலையைக் கொஞ்சம் குனிந்து, வலக்கையால் இடது துவாரத்துக்கும் இடக்கையால் வலது துவாரத்துக்கும், முனை காதுப் பக்கம் பார்க்கும்படி பிடியுங்கள். நடுச்சுவரில் அடித்தால் ரத்தம்தான் வரும். பலமாக உறிஞ்ச வேண்டாம், மருந்து தொண்டைக்குப் போய்விடும். பலன் தெரிய வாரக்கணக்காகும்.

ஸ்பிரே அடிக்கும் முன் மூக்கை உப்புத் தண்ணீரால் கழுவுங்கள்: கால் லீட்டருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. பீலித் தண்ணீரை அப்படியே பாவிக்காமல், கொதிக்க வைத்து ஆற்றியே எடுங்கள். உடனே அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்தைச் சில நாளுக்கு மேல் தொடர்ந்தால் அதுவே மூக்கை அடைக்கும்.

இழுப்பும் சதையும் சேர்ந்த சிலருக்கு அஸ்பிரின், டைக்லோபெனாக் போன்ற வலி மாத்திரை போட்டால் மூச்சு முட்டும். அப்படி எப்போதாவது நடந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் மாத்திரை சதையைச் சட்டென்று சுருக்கும். அதற்காக நீங்களாகவே பாமசியில் வாங்கிப் போடாதீர்கள், சீனியும் பிரஷரும் ஏறும்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அடைப்பு விடாவிட்டால் இரண்டாவது ஒபரேஷனைப் பற்றிப் பேசலாம். நுவரெலியா ஆஸ்பத்திரி காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குப் போகும்போது பழைய ஒபரேஷன் கார்டையும் ஸ்கேன் படத்தையும் கொண்டுபோங்கள். மணம் திரும்பும்வரை காஸ் கசிந்தாலும் உங்களுக்கு மணக்காது, அடுப்பை வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும்.