செருப்புக்குக் காவல்

அன்புள்ள ஐயா,

எனக்கு 29 வயது. ராசிபுரம் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருடம் முன்பு எனக்கு ஆர்.பி. என்று சொன்னார்கள். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே போகும் நோய். இரவில் இப்போதே ஒன்றும் தெரிவதில்லை. பகலில் குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் தெரிகிறது. பார்வை முழுதாகப் போவதற்குள் கொல்லிமலைக்குப் போய், ஆகாச கங்கை அருவிப் படிகளில் தனியாக இறங்கி ஏறிவிட வேண்டும் என்று ஆசை. அம்மா விடமாட்டேன் என்கிறார். மடக்கு ஸ்டிக் ஒன்று வாங்கினேன். தெரிந்தவர்கள் முன்னால் எடுக்கக் கூச்சமாக இருப்பதால் பையிலேயே கிடக்கிறது. யாருக்கும் பாரமாக இல்லாமல், குறையை வென்று, என்னாலும் முடியும் என்று நிரூபிக்க வேண்டும். மன உறுதி தரும் புத்தகங்கள் சிலவற்றைச் சொல்ல முடியுமா? இது முன்வினைப் பயனோ என்றும் சில நேரம் தோன்றுகிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

முன்வினை பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்தது போலப் பேசுகிறவர்களிடம் போகாதீர்கள், காசு வாங்கிவிடுவார்கள். புத்தகப் பட்டியலும் தரப்போவதில்லை. மன உறுதி தரும் புத்தகங்களைப் படித்துவிட்டு நாலு நாள் விறைப்பாக நடந்து, ஐந்தாம் நாள் பழையபடி படுத்துக்கொண்டவன் நான்.

ஆனால் உங்கள் கடிதத்தை வைத்துவிட முடியவில்லை. அதில் ‘நிரூபிக்க வேண்டும்’ என்று ஒரு சொல் இருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் கேட்ட விஷயத்திலிருந்து அந்தச் சொல்லோடுதான் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜேம்ஸ் ஹோல்மன். 1786ல் இங்கிலாந்தின் எக்ஸிடரில் ஒரு மருந்துக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். 12 வயதில் கடற்படையில் சேர்ந்து லெப்டினன்ட் ஆனார். 24 வயதில் மூட்டுகளில் நோய் வந்தது, அடுத்து கண்ணுக்கு வந்தது. 25ல் முழு இருட்டு. சாகும்வரை மூட்டுவலியும் போகவில்லை.

அரசு அவரைக் கைவிடவில்லை. வின்ட்சர் அரண்மனை வளாகத்தில் ஒரு வீடும் உதவித்தொகையும் கொடுத்தது. பதிலுக்கு ஒரே கடமை, தினம் இரண்டு வேளை தேவாலயத்துக்குப் போய் அரசருக்காக ஜெபிப்பது. கண் போனவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? வேளைக்குச் சாப்பாடு, தலைக்குமேல் கூரை, புண்ணியம். உங்கள் அம்மாவைக் கேட்டால் இதைத்தான் கேட்பார்.

அந்த வீட்டில் இருந்தபோதெல்லாம் ஹோல்மனுக்கு உடம்பு கெட்டது. வெளியே கிளம்பினால் தேறியது. மருத்துவரிடம் சீட்டு வாங்கி, உடல்நலத்துக்காக விடுப்பு என்று விண்ணப்பித்தார். (நம் அலுவலகங்களில் மெடிக்கல் லீவு போட்டுவிட்டுக் குலதெய்வம் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இவர்தான் முன்னோடி.) 1819ல் தனியாக பிரான்ஸுக்குக் கப்பலேறினார். பிரெஞ்சு தெரியாது. வண்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு மரத்துப்போனால் இறங்கி, வண்டியில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பார். அந்தப் பயணத்திலேயே இத்தாலிக்குப் போய், குமுறிக்கொண்டிருந்த வெசூவியஸ் எரிமலையிலும் ஏறினார்.

கயிறு அவருக்கு மனவுறுதியின் அடையாளம் எல்லாம் இல்லை. கால் வலிக்கிறது, நடக்க வேண்டும், வழி தெரியாது, வண்டிக்கு வழி தெரியும். ஒரு ஆள் உட்கார்ந்து யோசித்த யோசனை, அவ்வளவுதான். அவர் வைத்திருந்த எல்லாமே இப்படிப்பட்டவைதான். இரும்புப் பூண் போட்ட கைத்தடி, தரையில் தட்டினால் எதிரொலியை வைத்து முன்னால் சுவரா வெளியா என்று தெரிந்துகொள்வார். எழுதுவதற்கு ஒரு சட்டம், குறுக்கே கம்பிகள், அடியில் மை பூசிய தாள், பேனாவுக்குப் பதில் கூரான குச்சி. எழுதிவிடலாம், எழுதியதை அவரால் படிக்க முடியாது. ஒரு பத்தியைப் பத்து முறை அடித்துத் திருத்துகிற எனக்கு இதை நினைத்தாலே கை நடுங்குகிறது. அப்படி எழுதிய குறிப்புகளிலிருந்துதான் அவருடைய பயணநூல்கள் வந்தன. உலகப் பயணத்தைப் பற்றியது மட்டும் நான்கு பாகம். கீலிங் தீவுகளைப் பற்றி எழுதும்போது டார்வின் இவரை மேற்கோள் காட்டுகிறார். நம் பக்கம் இலங்கைக்கும் வந்திருக்கிறார், யானை வேட்டைக்குப் போயிருக்கிறார். வேட்டையை நான் மெச்சவில்லை, போனதைச் சொல்கிறேன்.

1822ல் ரஷ்யா வழியாக உலகைச் சுற்றக் கிளம்பியவர் சைபீரியாவில் இர்குட்ஸ்க் வரை போய்விட்டார். அங்கே ஜார் மன்னருக்குச் சந்தேகம் வந்தது. கண் தெரியாதவன் இவ்வளவு தூரம் எதற்கு வருகிறான், உளவாளியாகத்தான் இருக்க வேண்டும். பிடித்துக் காவலோடு ஏற்றி, அத்தனை தூரமும் திரும்பக் கொண்டுவந்து போலந்து எல்லையில் விட்டார்கள்.

அதே சமயம் காக்ரன் என்று ஒரு பிரிட்டிஷ் கடற்படைக் கேப்டன் ரஷ்யாவைக் கால்நடையாகக் கடந்து பெயர் வாங்கியிருந்தார். ஹோல்மனைப் பற்றி அவர் எழுதியதன் சாரம் இது: ஒரு குருடனே பத்திரமாகப் போய்வர முடிகிறது என்றால், சைபீரியாவைக் கடக்க முடியாத நாடு என்று இனி யார் சொல்வார்கள்!

இந்த இடத்தில் நில்லுங்கள் தம்பி. நீங்கள் நிரூபிக்கப்போவது இந்த காக்ரன்களிடம்தான். உங்களால் முடியவில்லை என்றால், பாவம், குருடன் என்பார்கள். முடிந்துவிட்டால், குருடனே போகிறான், அது என்ன பெரிய மலையா என்பார்கள். இரண்டு பக்கமும் அவர்களுடைய தராசுதான். ஹோல்மன் திரும்பி வந்து அவர்களிடம் வாதாடினார் என்று நினைக்கிறீர்களா? 1827ல் மறுபடி கப்பலேறினார். ஆப்பிரிக்கா, பிரேசில், இந்தியப் பெருங்கடல், ஆஸ்திரேலியா. உலகைச் சுற்றிவிட்டு 1832ல்தான் ஊர் திரும்பினார். வாழ்நாளில் சுமார் 4 லட்சம் கிலோமீட்டர் என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் கணக்குப் போடுகிறார்கள். பாதியைத் தள்ளுபடி செய்தாலும் நம் இரண்டு பேர் பரம்பரையும் சேர்ந்து போகாத தூரம். 1857ல் சுயசரிதையை முடித்துவிட்டு ஒரு வாரத்தில் இறந்துபோனார். அந்தக் கையெழுத்துப் பிரதி தொலைந்துவிட்டது. நிரூபிக்கத்தான் வாழ்ந்தார் என்றால், நிரூபணமே காணாமல் போனது.

சரி, கல்யாணப் பந்திக்கு வருகிறேன்.

1988, நாங்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம். ஒரு பௌர்ணமிக்குப் பர்வதமலை ஏறப்போனோம், ஏழு பேர். ஒருவனுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பியிருக்கும். கம்பி வைத்த பூட்ஸ் போட்டிருப்பான். (பெயரைப் போட்டால் வீட்டுக்கு வந்து அடிப்பான்.) அடிவாரத்தில் பச்சையம்மன் கோயில் பக்கத்தில் அவனை உட்காரவைத்தோம். “நீ இங்கேயே இருடா, செருப்பையும் பையையும் பாத்துக்கோ, காலையில வந்துர்றோம்” என்று சொன்னது நான்தான். அவன் “சரிடா” என்றான். அவனைப் பஸ் செலவு போட்டுக் கூட்டிவந்ததே பெரிய மனசு என்று எங்களுக்கு நினைப்பு.

மறுநாள் பதினொரு மணிக்கு இறங்கி வந்தோம். கடப்பாறைப் படி, சங்கிலி, மேலே அடித்த காற்று என்று ஆளாளுக்கு அளந்தோம். கேட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. கேட்டதற்கு விழுந்துட்டேன் என்றான். ஒரு இடத்தில் சும்மா உட்கார முடியாதா உனக்கு என்று அதற்கும் திட்டினோம்.

முப்பத்தேழு வருடம் கழித்து, போன மாதம் அவன் பெண் கல்யாணம். பாயசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது சர்வசாதாரணமாகச் சொல்கிறான்: “அன்னைக்கு உங்க ஆறு ஜோடி செருப்பையும் பூக்காரம்மாகிட்ட குடுத்துட்டு நானும் ஏறினேன்டா.”

பூட்ஸைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையை ஊன்றி உடம்பைத் தூக்கி ஒவ்வொரு படியாகப் பின்னாலேயே ஏறியிருக்கிறான். நானூற்றுப் பன்னிரண்டு படி, எண்ணியிருக்கிறான். அப்புறம் தூக்கம் வந்ததாம். அங்கேயே படுத்துவிட்டு, விடிந்ததும் நாங்கள் வருவதற்குள் அதே மாதிரி இறங்கிவிட்டான்.

“நீங்கல்லாம் மலையைப் பாத்துக்கிட்டே ஏறினீங்க. எனக்கு ஊருதான் தெரிஞ்சுது. ரெண்டு படி ஏறினா ஒரு ஏரி கூடுதலாத் தெரியும். நிலா வெளிச்சத்துல ஒண்ணொண்ணா வந்துக்கிட்டே இருந்துச்சு” என்றான்.

ஏன்டா அப்பவே சொல்லவில்லை என்று கேட்டேன், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. “சொல்லியிருந்தா அடுத்த தடவை என்னைத் தூக்கிட்டுப் போயிருப்பீங்க. மேல நிக்கவச்சுக் கைதட்டியிருப்பீங்க” என்றான். அப்பளம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. குற்றவுணர்வு என்று நினைக்காதீர்கள், அது கொஞ்சம்தான். மிச்சம் பொறாமை. பர்வதமலைக்கு எட்டு முறை போயிருக்கிறேன், அந்த ஏரிகளை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

உட்காரவைக்கிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை, நானே ஒருவன். 2017 டிசம்பரில் நேபாள அரசு ஒரு விதி கொண்டுவந்தது. இரண்டு காலும் இழந்தவர்களுக்கும் கண் தெரியாதவர்களுக்கும் எவரெஸ்ட் ஏற அனுமதி இல்லை, எல்லாம் பாதுகாப்புக்காகத்தான். சீனாவின் ஷியா போயு 1975ல் அதே மலையில் தன் தூங்கும் பையை உடம்பு முடியாத தோழருக்குக் கொடுத்துவிட்டு, பனிக்கடியால் (கடுங்குளிரில் உடம்பு உறைந்து சதை செத்துப்போவது) இரண்டு பாதங்களையும் இழந்தவர். பிறகு புற்றுநோய் வந்து முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் போயின. நேபாள உச்ச நீதிமன்றம் அந்த விதியை நிறுத்திவைத்ததால் 2018 மே மாதம் 69 வயதில் உச்சிக்குப் போனார். அது ஐந்தாவது முயற்சி. அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். வேண்டாம், பனிக்கடி என்றால் இன்னும் பயந்துவிடுவார். ஹோல்மன் கதையைச் சொல்லுங்கள்.

‘தனியாக’ என்று எழுதியிருக்கிறீர்கள், அது வெறும் வீம்பு. பார்வையில்லாத எரிக் வைஹன்மேயர் 2001ல் எவரெஸ்ட் ஏறியபோது முன்னால் போனவரின் பையில் மணி கட்டியிருந்தார்கள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மணி கட்டிக்கொள்ள ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள். மில்லில் அரட்டை அடிக்கிறவன் ஒருவன் இருப்பான். வாய் ஓயாதவனாக இருந்தால் மணியும் வேண்டாம்.

பார்வை போவதற்குள் என்று அவசரப்படுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. போங்கள், இப்போதே போய்ப் பாருங்கள், ஆனால் கடைசித் தடவை என்று போகாதீர்கள். ஹோல்மனின் பயணங்கள் எல்லாம் இருட்டுக்கு அப்புறம் நடந்தவை. கண் போனால் காது தானாகக் கூர்மையாகிவிடும் என்று ஆறுதல் சொல்லவும் மாட்டேன். தானாக ஒன்றும் ஆகாது, பழக வேண்டும். வெளிச்சம் மிச்சம் இருக்கும்போதே பழகினால் சுலபம். அதற்குத்தான் அந்த ஸ்டிக். அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு மன உறுதிக்குப் புத்தகம் கேட்கிறீர்களே, உங்களை என்ன செய்வது? நாளைக்குக் காலையில் மில்லுக்கு அதை விரித்துத் தட்டிக்கொண்டு போங்கள். நாலு நாள் பார்ப்பார்கள். அப்புறம் சம்பள உயர்வு எப்போது என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆகாச கங்கைக்கு ஆயிரத்துக்கு மேல் படி. சாரலில் கீழ்ப்படிகள் வழுக்கும். இறங்குவதைவிட ஏறும்போதுதான் மூச்சு வாங்கும், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முடியாமல் போனால் திரும்பி உட்கார்ந்து ஏறலாம், யார் பார்த்தால் என்ன.

மலையடிவாரத்தில் காரவள்ளி தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கும். எழுபது என்று பலகை சொல்கிறது. எனக்கு முப்பதிலேயே வயிற்றைப் புரட்டிக் கண்ணை மூடிக்கொண்டேன், கணக்கு விட்டுப்போனது. ஒவ்வொரு வளைவுக்கும் பஸ் உங்களை ஒரு பக்கம் சாய்க்கும், எண்ணுவதற்குக் கண் வேண்டாம். சரியாக எழுபது வருகிறதா என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.