மகள் நூலக அறிவியல் படிக்கலாமா?

பி.எஸ்சி. தாவரவியல் முடித்த மகள் நூலக அறிவியல் படிக்கக் கேட்கிறாள், "எல்லாம் கூகுளில் கிடைக்கும்போது நூலகர் எதற்கு?" என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான் அம்மா.

ஆன்லைனில் புடவை தேடும்போது துணி, நிறம், விலை என்று ஓரத்தில் பெட்டிகள் இருக்குமே, அதற்குப் பெயர் ஃபேசட் முறை, அதாவது ஒன்றைப் பல கூறுகளாகப் பிரித்துப் பார்ப்பது. நூலகத்துக்கு அதை ஒழுங்காக வகுத்துத் தந்தவர் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1933-ல் அவர் வெளியிட்ட கோலன் வகைப்பாடு, 'தஞ்சாவூரில் நெற்பயிர் நோய்த் தடுப்பு, 1950' என்ற நூலைப் பயிர், நோய், தடுப்பு, இடம், காலம் என்று பிரித்துக் கோக்கும். அலமாரியில் ஒரு புத்தகத்துக்கு ஒரே இடம்தான். அதனால் எந்தக் கூறு முதலில் என்பது அங்கே பெரிய விஷயம். கணினியில் அந்தக் கட்டு கிடையாது. நோயிலிருந்தும் தேடலாம், ஊரிலிருந்தும் தேடலாம்.

ஆனால் அந்தக் கூறுகளை யாராவது யோசித்து வகுக்க வேண்டுமே! ஒரு கடைக்காரர் 'மெரூன்' என்கிறார், இன்னொருவர் 'அரக்கு' என்கிறார். இரண்டும் ஒரே பெட்டிக்குள் வராவிட்டால் பாதிப் புடவை கண்ணிலேயே படாது. இணையக் கடைகள், மருந்து நிறுவனங்கள், ஆய்விதழ் வெளியீட்டாளர்கள் என்று பல இடங்களில் டாக்ஸானமி (வகைப் பட்டியல்), மெட்டாடேட்டா (ஒன்றைப் பற்றிய விவரக் குறிப்பு) என்ற பெயர்களில் இந்த வேலை இருக்கிறது. தாவரவியல் தெரிந்தவளுக்கு வகைப்பாடு புதிதும் அல்ல.

அரசு நூலகர் பணியை மட்டும் நம்பிப் படிக்க வேண்டாம்; இடங்கள் குறைவு. பட்டம் முடித்தவர்களுக்கு பி.லிப். என்ற நூலக அறிவியல் இளநிலைப் பட்டம் ஓராண்டுப் படிப்பு. கல்லூரி நூலகராக வேண்டுமென்றால் முதுகலையோடு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வும் எழுதட்டும். என் விருப்பம் பெங்களூரு டி.ஆர்.டி.சி. என்ற ஆவண ஆய்வு, பயிற்சி மையம்; ரங்கநாதனே 1962-ல் தொடங்கியது, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்தது. நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர வேண்டும், உதவித்தொகையும் உண்டு. எங்கே படித்தாலும் தரவுத்தளத்தில் தேடி எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல். என்ற கணினி மொழியைக் கட்டாயம் கற்கட்டும்.

அதற்கு முன் ஒரு வேலை கொடுங்கள். ஐம்பது வேலைவாய்ப்பு விளம்பரங்களை எடுத்து, தகுதி, துறை, மாவட்டம், கடைசி நாள் என்று எக்செல்லில் பிரிக்கச் சொல்லுங்கள். 'ஏதேனும் ஒரு பட்டம்' என்பதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று அவளாகவே மல்லுக்கட்ட ஆரம்பித்தால், சரி, தைரியமாகச் சேர்த்துவிடுங்கள். பத்தாவது விளம்பரத்திலேயே அலுத்துவிட்டால் வேறு படிப்பைப் பற்றிப் பேசுவோம்.