வாசகர் கேள்வி பதில்: வறண்ட பூமியில் பள்ளிக்கூடம்

போன இதழில் கென்யாவின் ககூமா அகதி முகாமில் நடக்கும் பள்ளிகளைப் பற்றி நாலு வரி எழுதி, முடிந்தவர்கள் உதவுங்கள் என்று கேட்டிருந்தேன். இந்த முறை வந்த தபாலில் பாதிக்கு மேல் அதைச் சுற்றித்தான். சிலர் பாராட்டியிருக்கிறார்கள், சிலர் கோபப்பட்டிருக்கிறார்கள், நம் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாம்களை மறந்துவிட்டீர்களா என்றும் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்தே பேசிவிடுவோம். மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குத் தள்ளிப் போகின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் ஊர்க் குளம் பெருகியே பல வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடத்துச் சுவரில் விரிசல். இதையெல்லாம் விட்டுவிட்டு ஆப்பிரிக்காவில் இருக்கிற அகதிப் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பச் சொல்வது என்ன நியாயம்? (ஓய்வு பெற்ற அரசு ஊழியர், நாங்குநேரி வட்டாரம்)

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது ஐயா. உள்ளூர்ப் பள்ளிக்குச் செய்யாதீர்கள் என்று நான் எங்கேயும் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். உங்கள் பக்கத்திலேயே டோனாவூர் இருக்கிறது. 1827-இல் அந்த ஊர் உருவானபோது நிலம் வாங்கப் பணம் கொடுத்தவர் அந்தக் கால ஜெர்மானிய நாடான பிரஷ்யாவின் பிரபு டோனா. நம் வெயிலையும் முள்ளையும் அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பாளையங்கோட்டையில் இருந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் கேட்டார், அவர் கொடுத்தார், அவர் பெயரிலேயே ஊர் இன்றைக்கும் இருக்கிறது. அதற்கும் முன்னால் 1799-இல் சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில் முதலூர் எப்படி வந்தது? மதம் மாறியதற்காக வீட்டை இழந்து, அடிபட்டு, சொந்த ஊரில் இருக்க முடியாமல் போனவர்களைக் கூட்டிவந்து உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம் குடியமர்த்திய ஊர் அது. இன்றைக்கு மஸ்கோத் அல்வா வாங்க வண்டியை நிறுத்துகிறோமே, அதே முதலூர்தான். அகதிகள், வறண்ட மண், பள்ளிக்கூடம், தூரத்திலிருந்து வரும் உதவி, இந்த நாலும் நம் சீமைக்குப் புதுசே இல்லை.

இன்னும் கிட்டத்தில் வருகிறேன். காமராசர் காலத்தில் 1956-இல் மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கியது. அப்போது எட்டயபுரம் நம் திருநெல்வேலி மாவட்டம். முதலில் ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியும் பருப்பும்தான் உலையில் வெந்தது, அப்புறம் அரசு பெரும்பங்கை ஏற்றுக்கொண்டது. 1961-லிருந்து அமெரிக்காவின் கேர் அமைப்பு பால் பவுடரும் தானியமும் எண்ணெயும் அனுப்பியது. உங்கள் வயதுக்காரர்கள் பலர் தட்டேந்தி அந்தப் பாலைக் குடித்தவர்கள்தான். அந்த மூட்டைகளுக்குப் பணம் போட்ட யாரோ ஒருவருடைய ஊரிலும் ஒழுகுகிற கூரை ஒன்று இருந்திருக்கும் இல்லையா?

இரண்டு பக்கமும் கொடுக்கலாம். உள்ளூர்ப் பள்ளிக்கு என்று ஒரு தொகை, வெளியே என்று அதில் ஒரு சின்னப் பங்கு. உள்ளூருக்கு வழி வேண்டுமென்றால், 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தில் எந்த அரசுப் பள்ளிக்கு, எந்த வேலைக்கு என்று குறிப்பிட்டே கொடுக்கலாம். சுவர் விரிசலை முதலில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். தீர்மானம் இல்லாமல் வாயால் சொன்னது எந்த அலுவலகத்திலும் நகராது, இது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கேள்வி: ககூமாவில் பள்ளிக்கூடம் எப்படித்தான் இருக்கும்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன். (கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

முதலில் மண்ணைச் சொல்கிறேன், உனக்கு உடனே பிடிபடும். கென்யாவின் வடமேற்கு மூலையில் துர்கானா என்ற மாவட்டம். ஆடு, மாடு, ஒட்டகம் மேய்ப்பவர்களின் நாடு. வருஷத்தில் பெரும்பாலான நாள் ஆறுகள் மணலாகக் கிடக்கும், மழை வந்தால் அதே ஆறு வீட்டை அடித்துக்கொண்டு போகும். அங்கே காடாக மண்டிக் கிடக்கும் மரம் எது தெரியுமா? நம் சீமைக் கருவேலம். அதே மரம், அதே முள். வறட்சியைத் தடுக்கலாம் என்று கொண்டுவந்து நட்டார்கள், அது ஊரையே பிடித்துக்கொண்டது. முகாமில் அடுப்பெரிக்க அதுதான் விறகு, வேலி போடவும் அதுதான். ராதாபுரம் பக்கம் விறகு வெட்டிக் கை கிழிந்தவர்களுக்கு அந்த ஊரைப் பற்றித் தனியாக விளக்க வேண்டாம்.

முகாம் 1992-இல் தொடங்கியது. சூடான் உள்நாட்டுப் போரில் தாய் தகப்பனைப் பிரிந்து, பாலைவனத்தில் கூட்டம் கூட்டமாக நடந்து வந்த பையன்கள்தான் முதல் வரவு. அப்புறம் சோமாலியா, எத்தியோப்பியா, காங்கோ, புருண்டி என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். தற்காலிகம் என்று போட்ட கூடாரத்தில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து அவர்களுக்கும் பிள்ளை பிறந்துவிட்டது. பக்கத்திலேயே கலோபெயேய் என்ற குடியிருப்பை 2016-இல் ஏற்படுத்தினார்கள். அகதிகளும் உள்ளூர் துர்கானா மக்களும் ஒரே பள்ளி, ஒரே ஆஸ்பத்திரி, ஒரே சந்தையைப் பயன்படுத்த வேண்டும் என்பது திட்டம்.

இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. வறண்ட ஊரில் வெளியிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் ஆழ்குழாய் போட்டு, மாவு கொடுத்து, பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்தால், முள்வேலிக்கு இந்தப் பக்கம் தன் ஆடு செத்துக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற உள்ளூர்க்காரனுக்கு வயிறு எரியுமா எரியாதா? விறகுக்கும் தண்ணீருக்கும் அங்கே சண்டை நடந்திருக்கிறது, உயிரும் போயிருக்கிறது. அதே பள்ளியில் அவன் பிள்ளைக்கும் இடம், அதே மதியச் சோறு என்றால் பேச்சே வேறு.

வகுப்பறை என்றால் தகரக் கூரை, வெயிலில் கொதிக்கும். கீழ் வகுப்புகளில் ஒரு ஆசிரியருக்கு நூறு பிள்ளைகளைத் தாண்டுவதும் உண்டு, காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று பிரித்தும் நடத்துகிறார்கள். பாடத்திட்டம் கென்யா அரசுடையது, ஆங்கிலமும் சுவாகிலியும். வேறு மொழியில் படித்த பிள்ளை பன்னிரண்டு வயதில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவேண்டி வரும். ஆசிரியர்களில் நிறையப் பேர் அகதிகளே. அவர்களுக்குக் கிடைப்பது சம்பளம்கூட இல்லை, ஊக்கத்தொகை என்ற பெயரில் சிறு தொகை. அதனால் நல்ல ஆசிரியர்கள் நிலைப்பதில்லை. பெண் பிள்ளைகள் மேல் வகுப்புக்குப் போகப்போகக் குறைந்துவிடுகிறார்கள், தண்ணீர் எடுக்க, தம்பி தங்கையைப் பார்க்க, சீக்கிரம் கல்யாணம் என்று.

பள்ளியில் போடும் சோறு பல பிள்ளைகளுக்கு அன்றைய ஒரே முழுச் சாப்பாடு. உலக உணவுத் திட்டம்தான் அதற்கும் முகாம் ரேஷனுக்கும் பொறுப்பு. பணம் கொடுக்கும் நாடுகள் கையைச் சுருக்கினால் முதல் அடி அங்கேதான். 2025-இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியபோது ககூமாவில் ரேஷன் குறைந்து, ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். உலகக் கணக்கும் சொல்கிறேன், மனசு கனக்கும். ஐ.நா. அகதிகள் அமைப்பு 2023-இல் வெளியிட்ட அறிக்கைப்படி பள்ளி வயதில் இருக்கும் அகதிப் பிள்ளைகள் 1 கோடியே 48 லட்சம் பேர். அதில் 72 லட்சம் பேர் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் 40,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். பக்கத்து இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைகளுக்குப் புத்தகப் பையும் நோட்டும் வாங்கிக் கொடுக்கலாம் என்று முடிவு. சரிதானே அண்ணாச்சி? (குழுத் தலைவி, திசையன்விளை)

அக்கா, பை மட்டும் வேண்டாம். நான் போயிருந்த ஒரு முகாம் வீட்டில் ஆணியில் வரிசையாகப் பள்ளிப் பைகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயர் பெரிய எழுத்தில். ஒரு பையில் சின்ன வெங்காயம், ஒன்றில் பழைய துணி, ஒன்றில் குடும்ப அட்டையும் முகாம் பதிவுக் காகிதங்களும் நனையாமல் இருக்கப் பாலித்தீனில் சுற்றி. அந்த வீட்டுப் பெண் நர்சிங் படிக்கிறாள். இரண்டாம் வருஷக் கட்டணத்துக்கு அப்பா பெயிண்ட் வேலைக்காகக் கேரளாவுக்குப் போயிருக்கிறார். ஜூன் மாதம் வந்தால் எல்லோரும் பை கொடுக்கிறார்கள். நவம்பரில் கட்டணம் கட்ட யாரும் வருவதில்லை.

அதனால் வாங்குவதற்கு முன் போய்க் கேளுங்கள். முகாம் தலைவரிடம் மட்டும் கேட்டால் போதாது, பிள்ளைகளின் அம்மாக்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அரசுப் பள்ளியில் நோட்டு, சீருடை, பஸ் பாஸ் எல்லாம் அரசே கொடுக்கிறது. இடிக்கிற இடம் வேறு. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குக்கும் இயற்பியலுக்கும் சாயங்காலம் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள். கல்லூரிக்குப் போனபின் ஹாஸ்டல் பணம், ரெக்கார்டு நோட்டு, பரீட்சைக் கட்டணம். முகாமிலேயே படித்து முடித்த பிள்ளைகள் வேலை கிடைக்காமல் இருப்பார்கள், அவர்களையே டியூஷன் ஆசிரியராக வைத்து மாதம் ஒரு தொகை கொடுங்கள். உங்கள் 40,000 ஒரு படிப்பு வருஷத்துக்கு வரும், இரண்டு பேருக்கு வருமானமும் ஆச்சு. அடுத்த வருஷமும் கொடுக்க முடியுமா என்பதை இப்போதே குழுவில் பேசிக்கொள்ளுங்கள், பாதியில் நின்றால் பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம்.

அப்புறம் ஒன்று. முகாமுக்குள் போக மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டி வரும். வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே மனு கொடுத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: இத்தனை வருஷம் ஆகியும் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்கள் அகதிகளா? இந்தியக் குடியுரிமை ஏன் கிடைக்கவில்லை? (வாசகர், அம்பாசமுத்திரம்)

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகில் வர ஆரம்பித்தவர்கள். 2009-இல் போர் முடியும்வரை அலை அலையாக வந்தார்கள். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் பதிவு, அங்கிருந்து மாவட்டங்களுக்கு. நம் பக்கம் கோபாலசமுத்திரம், சமூகரெங்கபுரம், பெருமாள்புரம் என்று முகாம்கள். 1951-இன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுக்கும்தான், இலங்கை அதில் இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே பத்தாவது எழுதி, பட்டம் வாங்கிய பிள்ளை அரசு வேலைக்கு மனுப் போட முடியாது. தனியார் கம்பெனி நேர்காணலிலும் கடைசிச் சுற்றில் அடையாள ஆவணம் கேட்கும்போது நின்றுவிடுகிறது. இதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு. உதவித் திட்டங்கள் எவ்வளவு வந்தாலும் இந்தக் காகிதம் இல்லாமல் அவர்கள் படிப்பு பாதி விலைக்குத்தான் போகிறது.

நல்லதையும் சொல்லவேண்டும். 2021-இல் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, இடிந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர முடிவு செய்தது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை மாற்றி ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ ஆக்கியது. மாத உதவித்தொகையும் கல்வி உதவியும் கூடின. அதற்கெல்லாம் முன்னாலிருந்தே, 1984-இல் ஈழத் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பிள்ளைகளின் படிப்பைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அகதிகளே அகதிகளுக்காக நடத்தியது என்பதால்தான் அதற்கு எது தேவை எது வீண் என்று தெரிந்தது.

கேள்வி: என் வகுப்பில் முகாம் பிள்ளைகள் இருவர். மற்ற பிள்ளைகள் அவர்களை ‘அகதி’ என்றே கூப்பிடுகிறார்கள். என்ன செய்வது? (ஆசிரியை, ராதாபுரம் வட்டாரம்)

டீச்சர், அன்றைக்கே, அந்த நிமிஷமே நிறுத்துங்கள். பெரிய உபதேசம் வேண்டாம், ‘அவனுக்குப் பேர் இருக்கு, பேர் சொல்லிக் கூப்பிடு’ என்றால் போதும். விழாவில் உதவி வழங்கும்போது ‘முகாம் மாணவர்கள் முன்னே வாருங்கள்’ என்று மைக்கில் அழைப்பதைத் தலைமையாசிரியரிடம் பேசித் தடுத்துவிடுங்கள். தணிக்கை நாளில் முகாமில் ஆள் கணக்கெடுப்பார்கள், அன்று பிள்ளை தாமதமாக வந்தால் காரணம் கேட்டு வெளியே நிற்க வைக்காதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டு முகாமுக்குக் கொடுக்கும் பணம் போய்ச் சேருமா? எப்படிச் சரிபார்ப்பது? (கடைக்காரர், கோவில்பட்டி)

வாட்ஸப்பில் அழுகிற பிள்ளையின் படமும் ஒரு தனியாள் கணக்கு எண்ணும் வந்தால் அழித்துவிடுங்கள். இந்தியாவிலேயே முறையாக நன்கொடை வாங்கும் அமைப்புகள் வழியாகப் போடுங்கள். உள்ளூர் அறக்கட்டளை என்றால் பதிவு எண், கடைசி இரண்டு வருஷத் தணிக்கைக் கணக்கு இரண்டையும் கேளுங்கள், காட்டத் தயங்கினால் விட்டுவிடலாம். வரிச்சலுகை வேண்டுமென்றால் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடைக்காது, காசோலையோ வங்கி மாற்றலோ செய்யுங்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கணக்கைப் பார்க்கும்போது கட்டடத்துக்கு எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள் அண்ணாச்சி. ஆசிரியர் ஊதியம், தண்ணீர், கழிப்பறை பராமரிப்பு, சாப்பாடு என்ற வரிகளில் வருஷா வருஷம் ஏதாவது போயிருக்கிறதா என்று பாருங்கள். கல்வெட்டோடு திறந்த கட்டடம் மறு வருஷம் பூட்டிக் கிடக்கிற கதை நம் ஊரிலும் உண்டு, அங்கேயும் உண்டு. பிள்ளைகளைத் தட்டோடு வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி நீங்களும் கேட்காதீர்கள். செலவு விவரம் ஒரு பக்கம் எழுதி வந்தால் போதும்.

கேள்வி: இரண்டு வாரம் லீவு போட்டு ககூமா போய்ப் பாடம் நடத்தலாமா? (இளைஞர், வள்ளியூர்)

வேண்டாம் தம்பி. விமான டிக்கெட் காசில் அங்கே ஒரு அகதி ஆசிரியருக்குப் பல மாத ஊக்கத்தொகை கொடுக்கலாம், அவர் வருஷம் முழுக்க அதே வகுப்பில் நிற்பார். உனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று எழுதியிருக்கிறாயே, பணகுடி பக்கம் பெருமாள்புரம் முகாமில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருப்பார்கள். சனிக்கிழமை தோறும் போக முடியுமா என்று பார். பரீட்சை முடியும்வரை நிறுத்தாமல் போவதாக இருந்தால் மட்டும் ஆரம்பி.