ஆங்கிலப் பாட்டுக்குத் தமிழில் தயாராவது எப்படி?

கேள்வி: டிசம்பரில் எங்கள் கோவிலில் திருச்சியிலிருந்து ஒரு பாடகர் குழு வந்து ஹேண்டல் என்ற இசையமைப்பாளரின் 'மெசையா' என்ற பெரிய இசைப் படைப்பிலிருந்து ஒன்றரை மணி நேரம் பாடப் போகிறது. எல்லாம் ஆங்கிலம். எங்கள் சபையில் பாதிப் பேர் வயல் வேலைக்குப் போகிறவர்கள், வயதானவர்களும் நிறைய. முன்கூட்டியே வேதப்பகுதிகளை வாசித்து சபையைத் தயார்படுத்தும் பொறுப்பை ஆயர் என் தலையில் கட்டிவிட்டார். எங்கே ஆரம்பிப்பது? அப்புறம், அல்லேலூயா பாடும்போது எழுந்து நிற்க வேண்டுமா?
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: ஆயர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். மெசையாவில் புதிதாக எழுதிய பாட்டு வரி என்று ஒன்றுமே கிடையாது, சார்லஸ் ஜென்னென்ஸ் என்பவர் வேத வசனங்களைப் பொறுக்கிக் கோத்துக் கொடுத்ததற்கு 1741இல் ஹேண்டல் 24 நாளில் இசை எழுதினார். அதனால் மொழிபெயர்ப்புக்கு நீங்கள் அலைய வேண்டாம், அது உங்கள் சபையார் மடியில் இருக்கும் வேதாகமத்திலேயே இருக்கிறது. (ஹேண்டல் எழுத உட்கார்ந்தபோது, உங்களுக்குப் பக்கத்துத் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி கால் நூற்றாண்டு ஆகியிருந்தது!)

முதலில் அந்தக் குழுவிடம் எதையெல்லாம் பாடப் போகிறார்கள் என்று பட்டியல் வாங்குங்கள். முழுசாகப் பாடினால் இரண்டரை மணி நேரம் ஆகும், ஆகவே நிறைய வெட்டியிருப்பார்கள், பாடாத பகுதியை வாசித்து என்ன பயன்?

ஏசாயா 40இல் ஆரம்பியுங்கள், கச்சேரியும் அங்கேதான் தொடங்குகிறது. "என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்" தாண்டி, "பள்ளமெல்லாம் உயர்த்தப்பட்டு" என்ற நாலாம் வசனம் வரும்போது வாசிப்பவர் கொஞ்சம் நிதானிக்கட்டும். ஹேண்டல் அந்த வசனத்தை அப்படியே சுரத்தில் வரைந்திருக்கிறார்: உயர்த்தப்படுவது மேலே மேலே ஏறும், கோணலானது இரண்டு சுரத்துக்கு நடுவே வளைந்து வளைந்து ஆடும், சமமானது ஒரே சுரத்தில் நீண்டு நிற்கும். நடவுக்கு முன் பரம்படித்து வயலைச் சமன் செய்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், வசனம் காதில் ஏறியிருந்தால் போதும்.

அதேபோல ஏசாயா 53. "நாமெல்லாரும் ஆடுகளைப்போல வழிதப்பித் திரிந்து" என்பதைப் பாடகர் குழு ஏதோ கொண்டாட்டம் மாதிரி துள்ளலாகப் பாடும், நாலு குரலும் நாலு பக்கம் பிரிந்து ஓடும். அறுவடை முடிந்த வயலில் கிடை போட வரும் ஆடுகள் வரப்பில் கலைந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். பிறகு சட்டென்று வேகம் விழுந்துவிடும், "கர்த்தரோ நம்மெல்லாருடைய அக்கிரமத்தையும் அவர்மேல் விழப்பண்ணினார்" என்ற வரி பாரமாக இறங்கும். வாசிப்பவரும் அந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்திவிட்டு வாசித்தால், கச்சேரி நாளில் அந்த மௌனத்தை சபை அடையாளம் கண்டுகொள்ளும்.

மற்றவை சுலபம். லூக்கா 2 எல்லோருக்கும் தெரியும். யோபு 19:25, "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்", அடக்க ஆராதனைகளில் கேட்டுக் கேட்டுப் பழகியது. 1 கொரிந்தியர் 15ஐ முழுசாக வாசித்தால் தூங்கிவிடுவார்கள், பாடும் வசனங்கள் மட்டும் போதும்.

நாலு ஞாயிறு, வாரத்துக்கு ஒரு பகுதி. கார்த்திகை மழையில் கோவிலுக்கு வராதவர்கள் இருப்பார்கள், அதே பகுதியை வீட்டு ஜெபக்கூட்டத்திலும் வாசியுங்கள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், வாசிப்புக்கு முன்னால் ஹேண்டல் வரலாறு, இசை விளக்கம் என்று பேசாதீர்கள்! ஒரு ஊரில் முக்கால் மணி நேரம் பேசினார்கள், என் பக்கத்தில் இருந்த அம்மா "தம்பி, பாட்டு எப்ப?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார்.

கச்சேரி அன்று கொடுக்கும் தாளில் தமிழ் வசனத்தைப் பெரிய எழுத்தில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆங்கிலப் பாட்டின் முதல் இரண்டு வார்த்தையைத் தமிழ் எழுத்திலேயே போடுங்கள். 'கம்ஃபர்ட் யீ' என்று காதில் விழுந்ததும் விரல் அந்த வரிக்குப் போய்விடும். ஒரே பக்கத்தில் அடங்கினால் நல்லது, நூறு பேர் ஒரே நேரத்தில் தாள் திருப்பினால் பாட்டு கேட்காது.

எழுந்து நிற்பது பற்றி: இங்கிலாந்து ராஜா ஒருவர் எழுந்து நின்றதால் வந்த பழக்கம் என்பார்கள், அதற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லை. அல்லேலூயா பாட்டில் வரும் வெளிப்படுத்தல் 19:6ஐ முந்தின ஞாயிறு சபையே சேர்ந்து வாசிக்கட்டும். அன்றைக்கு நிற்கத் தோன்றுகிறவர்கள் நிற்கட்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்தே கேட்கட்டும்.